முப்பத்தொன்றாம் தேதி வரை வளரலாம்

மார்ச் 12, புதன்

இன்று அனுப்பிய மின்னஞ்சலின் படி:

பெருமதிப்பிற்குரிய ஓவியர் திரு. சிபிநாதன் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் பிப்ரவரி 21 அன்று அனுப்பிய அறிவிப்புக்குப் பத்தொன்பது நாள்கள் கழித்து மறுமொழி எழுத நேர்ந்தமைக்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். அது விளம்பரங்கள் சேரும் பெட்டியில் விழுந்து கிடந்ததை இன்று காலையில்தான் கண்டேன்.

கணினி விளையாட்டுகளில் பயன்படுத்துவதற்கெனத் தாங்கள் வரைந்து விற்ற ‘தெருக் குழந்தைகள்’ என்னும் ஓவியத் தொகுப்பை 2019 மே மாதத்தில் முறைப்படி வாங்கிய உரிமதாரர் நான். அதிலுள்ள பன்னிரண்டு உருவங்களில் எட்டாவதை, அதாவது இரட்டைப் பின்னல் போட்ட சிறுமியை, என் விளையாட்டில் பயன்படுத்தி வருகிறேன். தொகுப்பின் உரிமை ஏப்ரல் 1 முதல் ஒரு நிறுவனத்தைச் சேரும் என்றும், அதன் பின் பழைய உரிமதாரர்கள் தம்மிடமுள்ள உருவங்களை உள்ளது உள்ளபடி வைத்துக்கொள்ளலாமேயன்றிப் புதிதாக மாற்றி வரையலாகாது என்றும் தெரிவித்துள்ளீர்கள்.

இதில் எனக்கு ஓர் ஐயம். உருவத்தின் உயரத்தை ஆண்டுக்கு ஒருமுறை சிறிதளவு கூட்டுவது புதிய மாற்றமாகக் கருதப்படுமா, அல்லது பழைய மாற்றத்தின் தொடர்ச்சியாகக் கருதப்படுமா? தெளிவுபடுத்துமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
சோ. செண்பகவல்லி, சிவகாசி.

இரண்டு முறை பிழை திருத்திய பின்னரே அனுப்பினேன். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் எழுதியது என்று இக்கடிதத்தைப் பார்த்து எவரும் சொல்ல இயலாது. தமிழை அகராதியிலிருந்தும், கணினியைப் பிறர் முதுகுக்குப் பின்னால் நின்றும் கற்றேன். எங்கள் தெருவில் மனு என்றால் என்னிடம்தான் வருகிறார்கள். நான் எழுதிய மனு ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை.

சமையல் எரிவாயு உருளை வந்தது. மூடியின் முத்திரை பிரிந்திருந்தபடியால் திருப்பி அனுப்பினேன்.

மார்ச் 13, வியாழன்

அச்சகத்தில் நோட்டுப் புத்தக அட்டைகளின் காலம். ஜூனில் பள்ளி திறக்குமுன் எல்லா அட்டைகளும் ஓடி முடிய வேண்டும். அடுத்த மேசையில் அமர்ந்து வடிவமைக்கும் கற்பகம், பழைய நாள்காட்டியின் லட்சுமிக்குச் சேலை நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தாள். இந்த லட்சுமியை முதலில் வரைந்தவர் யார் என்று கேட்டேன்.

“யாருக்குக்கா தெரியும்? ‘பொது’ ஃபோல்டர்ல கெடந்துச்சு, எடுத்தேன்.”

எங்கள் அச்சகத்தின் வழக்கம் அது. பொது என்னும் கோப்புறையில் ஒரு படம் விழுந்துவிட்டால் அது எல்லாருக்கும் சொந்தம். யார் வேண்டுமானாலும் எடுத்து எதில் வேண்டுமானாலும் ஒட்டலாம். நான் மட்டும் ஒட்டுவதில்லை. உரிமம் என்னும் சொல்லை உச்சரித்தாலே சிரிக்கிறார்கள். உரிமையாளர் அண்ணாச்சி எனக்கு ‘ஹைகோர்ட்டு’ என்று பெயர் வைத்திருக்கிறார்.

சிபிநாதனின் உரிமத்தில் பதினொரு விதிகள் உள்ளன. அச்செடுத்துக் கோப்பில் வைத்திருக்கிறேன். அவற்றுள் நான்காவது: உருவங்களை விளையாட்டுக்கு வெளியே, அச்சிலோ துணியிலோ வேறெந்தப் பொருளின் மீதோ பயன்படுத்தலாகாது. இத்தனை ஆண்டுகளில் ஒரு விதியையும் நான் மீறியதில்லை.

மார்ச் 15, சனி

ஓவியர் தொலைபேசியில் அழைத்தார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். குரலை வைத்துப் பார்த்தால் முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார்.

“ஏனுங்க, வக்கீலம்மாங்களா?”

நான் வழக்கறிஞர் அல்ல என்றும், அச்சகத்தில் வடிவமைப்பாளர் என்றும் கூறினேன்.

“அப்பாடா. லெட்டரப் பாத்துப்போட்டு எம்மேல கேசுதான்னு நெனச்சுட்டேனுங்க. எங்கம்மா வேற பக்கத்துல நின்னுட்டு, என்னடா திருடுனேங்கறாங்க.” சிரித்தார். பின்னர் விஷயத்துக்கு வந்தார். “அக்கா, ஒசரத்தக் கூட்டுனாலும் அது மாத்தறதுதானுங்க. ஒரு புள்ளி தள்ளி வெச்சாக்கூடப் புதுசுன்னுதான் கம்பெனிக்காரங்க எழுதியிருக்கறாங்க. நான் வேலைக்குச் சேர்றப்பப் பழைய படம் அத்தனையும் அவங்களுக்கு எழுதிக் குடுத்துப்போட்டேன். ஒண்ணாந்தேதிக்கு அப்புறம் எங்கையில ஒண்ணுமில்லீங்க. ஆனா முப்பத்தொண்ணுக்குள்ள நீங்க என்ன மாத்தி வெச்சாலும் செல்லும். பட்டியல் போட்டு அனுப்பிப்போடுங்க, நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

நன்றி கூறினேன்.

“எட்டாம் நம்பர மட்டும் அப்படி என்னங்க்கா பண்றீங்க?”

கதையின் தேவைக்கேற்ப அச்சிறுமி ஆண்டுதோறும் வளர்கிறாள் என்றேன்.

“அட, நல்லாருக்குதுங்களே. அது எங்கக்கா புள்ளைங்க. பத்து வருசத்துக்கு முன்னால அவளப் பாத்துத்தான் வரைஞ்சேன். இப்ப ஒம்பதாவது படிக்கறா. என்ற ஒசரம் வந்துட்டா, கண்ணாடி வேற. போட்டோ அனுப்பட்டுங்களா? பாத்துப் பாத்து வரையலாமில்ல.”

அதற்குத் தேவை எழாது எனத் தெரிவித்து அழைப்பை முடித்தேன். பிறகு மெத்தை உறைகளைத் துவைத்தேன். அவை நேற்றுத் துவைத்தவை என்பது காயப்போடும்போதுதான் நினைவுக்கு வந்தது.

மார்ச் 16, ஞாயிறு

திட்டம் வகுத்தேன். முப்பத்தொன்றாம் தேதிக்குள் செய்யும் மாற்றங்கள் செல்லுமெனில், இனி வரும் ஆண்டுகள் அனைத்துக்குமான உருவங்களையும் இப்போதே வரைந்துவிடலாம். இதை எந்த விதியும் தடுக்கவில்லை. பத்து வயதிலிருந்து இருபத்தொன்று வரை பன்னிரண்டு உருவங்கள். நான்கு திசைக்கு நந்நான்கு அடிகளாக ஒவ்வோர் உருவத்துக்கும் பதினாறு படங்கள். மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. இன்னும் பதினாறு நாள்கள் இருக்கின்றன.

திட்டம் எழுதிய தாளை என் கணவரிடம் காட்டினேன். அவர் வேறோர் அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரத்தில் பணியாற்றுகிறார். விரல் நகங்களில் எந்நேரமும் தாள் தூசி இருக்கும்.

“எதுக்கு இருபத்தொண்ணோட நிப்பாட்டுற?”

அதற்கு மேல் பெண்களின் உயரம் கூடுவதில்லை என்றேன்.

தாளைத் திருப்பிக் கொடுத்தார். “மொதல்ல அந்தக் கதவத் தெற, செண்பகம்.”

அவர் சொன்ன கதவு விளையாட்டில் இருப்பது. தூக்குவாளியில் அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு ஒரு சிறுமி தெருத் தெருவாக நடந்து அச்சகத்துக்குப் போக வேண்டும். அதுதான் விளையாட்டு. அச்சகத்தின் கதவு திறக்கும்படியான நிரலை நான் இன்னும் எழுதவில்லை. வேறொரு குறையும் உண்டு. சிறுமியை இடப்பக்கம் திருப்பினால் கிணற்றுச் சுவரில் மோதுவாள். மோதிய பின்னும் கால்கள் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும், ஆனால் நகர மாட்டாள். இதைத் திருத்தும் முறை எனக்குத் தெரியும். விளையாடிப் பார்த்த ஒரே நபருக்கு அந்தப் பிழை மிகவும் பிடித்திருந்ததால் விட்டுவைத்தேன். பன்னிரண்டு உருவங்களில் எட்டாவதன் மீது விரலை வைத்து “இது நான்” என்றதும் அந்த நபரே.

மார்ச் 18, செவ்வாய்

ஐந்து முதல் ஒன்பது வயது வரையிலான உருவங்களை நான் மனம்போன போக்கில் வரைந்துவிடவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கொரோனாவால் பள்ளி மூடியிருந்த ஆண்டு நீங்கலாக, ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 9-க்கு முன்பாக, பள்ளி வேன் நிற்கும் மூலையில் கையில் ஒரு பையுடன் நின்று, ஒரே ஆண்டில் பள்ளியில் சேர்ந்த அதே பிள்ளைகள் ஏறுவதைக் கவனிப்பேன். யாருக்குப் பல் விழுந்திருக்கிறது, சீருடை முழங்காலுக்கு எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது, பையைத் தாமே தூக்குகிறார்களா என்று பார்ப்பேன். வீட்டுக்கு வந்து அந்த அளவில் வரைவேன்.

இன்றும் நின்றேன். பிள்ளைகளுக்கு முன்பற்கள் முகத்தைவிடப் பெரிதாகியிருக்கின்றன. வேன் ஓட்டுநர், “வாங்குறதுக்குக் கடை அந்தப் பக்கம்க்கா” என்றார்.

மார்ச் 19, புதன்

வீட்டுக் கணினி பழுது. காலம் குறைவாக இருப்பதால் உணவு இடைவேளையில் அச்சகக் கணினியிலேயே வரையத் தொடங்கினேன். அலுவலக இயந்திரத்தில் சொந்த வேலை பார்க்கக் கூடாதென்பது நானே எனக்கு விதித்துக்கொண்ட ஒழுங்கு. முப்பத்தொன்றாம் தேதி வரை மட்டும் விலக்கு.

மார்ச் 20, வியாழன்

பத்து வயது உருவம் முடிந்தது. நீலச் சீருடை. வலப்பக்கப் பின்னல் சற்றே அவிழ்ந்திருக்கும்படி விட்டேன். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அது அவிழ்ந்துவிடும்.

முன்பக்க உருவத்தை மட்டும் பெரிதாக்கி முகத்தைத் தனியே ஒருமுறை வரைந்து பார்த்தேன். விளையாட்டுக்கு அவ்வளவு பெரிய படம் தேவையில்லை. அண்ணாச்சி கூப்பிட்டதால் எங்கே சேமிக்கிறோம் என்று பாராமல் சேமித்துவிட்டு எழுந்தேன்.

மார்ச் 22, சனி

பதினொன்று. வரவில்லை.

வேன் போகும் அந்தப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான் உண்டு. ஜூனில் அந்தப் பிள்ளைகள் ஆளுக்கொரு பள்ளிக்குப் பிரிந்து போவார்கள். பதினொன்றில் அவர்கள் எப்படி இருப்பார்கள் என்று பார்ப்பதற்கு இன்னும் ஓராண்டு ஆகும்.

மார்ச் 24, திங்கள்

பதினொன்றை விடுத்துப் பதின்மூன்றை முயன்றேன். நாத்தனார் மகளின் முகம் வந்தது. பதினைந்தில் கற்பகத்தின் சாயல். பதினெட்டில் நானே நின்றேன், என் பழைய ரிப்பன் உட்பட. இருபத்தொன்றில் வந்த பெண்ணை எனக்கு யாரென்றே தெரியவில்லை. அவளை நான்கு அடி நடக்கவிட்டுப் பார்த்தேன். நன்றாகவே நடந்தாள். யாரோ ஒருத்தி எங்கள் தெருவில் எங்கள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

அனைத்தையும் அழித்தேன்.

ஒளிப்படத்தை அனுப்புமாறு சிபிநாதனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. அது அவருடைய அக்காள் பிள்ளை.

கணவர், “அப்படியே நீ பாட்டுக்கு வருசா வருசம் வரைஞ்சுக்கோயேன், எவன் வந்து பாக்கப் போறான்?” என்றார். திருட்டுத்தனமாக வளர்க்க என்னால் இயலாது என்றேன். அவர் எழுந்து போய் வாளித் தண்ணீரில் முகம் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

மார்ச் 26, புதன்

நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்குக் கற்பகம் என் மேசைக்கு வந்தாள். “அக்கா, சொல்லாம வச்சிருந்தீங்களே. உங்க பாப்பா எவ்வளவு அழகு தெரியுமா? அஞ்சாம் வகுப்பு நோட்டு ரேப்பருக்கு அப்படியே பொருந்திருச்சு. வாங்க, வந்து பாருங்க.”

இயந்திர அறையில் மையைச் சரிசெய்வதற்காக இயந்திரம் தாளின்றிச் சுழன்றுகொண்டிருந்தது. நிறம் பார்ப்பதற்காக நாற்பது தாள் ஓட்டியிருந்தார்கள். ஒவ்வொரு தாளிலும் அவள். நீலச் சீருடை, பெரிய முன்பற்கள், அவிழ்ந்த பின்னல். பின்னால் ஒரு கரும்பலகை. அவளுக்குக் கீழே பெயர், வகுப்பு, பிரிவு என்று மூன்று வெற்றுக் கோடுகள். மஞ்சள் சற்று அதிகமாகி முகம் காய்ச்சல் கண்டதுபோல இருந்தது. மை காயவில்லை.

பொதுக் கோப்புறையில் அந்தப் படத்தைச் சேமித்தது நான். பிழை என்னுடையது. கற்பகம் எங்கள் அச்சகத்தின் வழக்கப்படிதான் நடந்திருக்கிறாள். அவள் இங்கே சேர்ந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன, அதற்கு முந்தைய எதுவும் அவளுக்குத் தெரியாது.

இயந்திரத்தை நிறுத்துமாறு கூறினேன். நிறுத்தவில்லை. அண்ணாச்சி வந்தார். உரிம விதி நான்கை அவருக்கு எடுத்துரைத்தேன்.

“ஹைகோர்ட்டு ஆரம்பிச்சிருச்சுய்யா. ஏம்மா, நோட்டு ரேப்பர்ல ஒரு சின்னப்புள்ள. இருபத்தஞ்சு வருசமா லட்சுமிக்குச் சேலைய மாத்திக்கிட்டு இருக்கோம், அவ என்னைக்காச்சும் ஒரு வார்த்தை கேட்டிருப்பாளா?”

மெஷின்காரர்கள் சிரித்தார்கள். நான் விதியை மீண்டும் சொன்னேன். எண்ணை ஐந்து என்று மாற்றிச் சொல்லிவிட்டேன். மை வாடையாக இருக்கலாம்.

“அப்படி என்ன பெரிய படம், குடு பாப்போம்.” சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒரு தாளைக் கையில் வாங்கினார். பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

“மிசின நிறுத்து.”

“அண்ணாச்சி, பார்ட்டி சாயங்காலம் வர்றாரு,” என்றாள் கற்பகம்.

“நிறுத்தச் சொன்னேன்ல.”

அச்சுப் பிளேட்டுகளைத் தாமே கழற்றி, இடுப்புச் சாவிக்கொத்தால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினார். முகம் இருந்த இடத்தை மட்டும் கீறவில்லை. அப்புறம் பிளேட்டைக் கவிழ்த்துவிட்டார். “நீ வீட்டுக்குப் போ, தாயி. நாளைக்கு வா” என்றார். என்னை அவர் தாயி என்று அழைப்பது வழக்கமில்லை.

விதி நான்கின் வலிமையை அவர் உணர்ந்துகொண்டார் என்றே கருதுகிறேன். 2019 நவம்பரில் எங்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு அந்த நாள் முழுவதும் அவர் உட்கார்ந்திருந்தது வேறு விஷயம்.

மார்ச் 27, வியாழன்

தாள்கள் அனைத்தையும் என் கையாலேயே கிழித்தேன். கிழித்தவை முப்பத்தொன்பது. நாற்பது ஓட்டியதாக மெஷின்காரர் சொன்னது எண்ணிக்கைப் பிழையாக இருக்கக்கூடும்.

மார்ச் 28, வெள்ளி

எரிவாயு உருளை வந்தது. முத்திரை சரியாக இருந்தது.

மார்ச் 30, ஞாயிறு

கணவர் குடும்ப அட்டையைத் தேடியிருக்கிறார். அது உரிமக் கோப்பில் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் சத்தமே இல்லாததால் கரண்டியோடு போய்ப் பார்த்தேன். நான்காம் விதிக்கும் ஐந்தாம் விதிக்கும் நடுவில் நான் வைத்திருந்த தாளை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தார். வெட்டும் மேசையில் தாளைச் சீர்செய்வதுபோல உள்ளங்கையால் அதன் ஓரங்களை நீவிக்கொண்டிருந்தார்.

“வளந்துட்டாளே, செண்பகம்.”

ஐந்து ஆண்டுகளாக அவர் கணினி இருக்கும் அறைக்குள் வந்ததில்லை. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது எதையும் பார்த்ததில்லை. நேராகப் பத்தைத்தான் பார்த்தார்.

“பல்லு எங்கம்மா பல்லு” என்றார். “பின்னல ஏன் இப்படி விட்ட?”

இறுக்கினாலும் நிற்காது என்றேன்.

“ஆமா. நிக்காது.”

பெயர், வகுப்பு, பிரிவு என்னும் கோடுகளை விரலால் தொட்டார். பிறகு, தெருவார் மனுவோடு வந்து என்னிடம் கேட்பார்களே, அந்தக் குரலில் கேட்டார்: “சட்டப்படி இத நாம வச்சுக்கலாமா?”

எனக்குத் தெரியாத விதியொன்றும் அந்தப் பதினொன்றில் இல்லை. கூடாது என்று சொன்னேன்.

தாளை மடிக்காமல் அப்படியே என் கையில் கொடுத்தார். “சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

சோறு குழைந்துவிட்டது. இருவரும் அதையே சாப்பிட்டோம்.

மார்ச் 31, திங்கள்

விடுப்பு எடுத்தேன். அனுப்பிய மின்னஞ்சலின் படி:

பெருமதிப்பிற்குரிய ஓவியர் திரு. சிபிநாதன் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் கேட்ட பட்டியலைக் கடைசி நாள் வரை தாமதித்து அனுப்புவதற்கு மன்னிக்கவும்.

மாற்றிய உருவங்கள் ஆறு. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து ஆகிய வயதுகளுக்கானவை. பத்தாம் வயது முறைப்படி ஏப்ரல் 9 அன்றுதான் நிறைவடைகிறது, தங்கள் கெடுவை முன்னிட்டு ஒன்பது நாள் முந்திக்கொண்டேன். பதினொன்று முதலானவற்றை வரைய இயலவில்லை. ஆகவே அவள் இத்துடன் நிற்கிறாள். நாளை முதல் ஒரு புள்ளியையும் நகர்த்த மாட்டேன் என்று உறுதியளிக்கிறேன்.

இணைத்துள்ள பட்டியலில் பெயர் என்னும் கட்டத்தில் உரு எட்டு என்று எழுதியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பெயர் எழினி.

மாற்றியதற்கான காரணம் என்னும் கட்டத்தில் கதையின் தேவை என்று எழுதியிருந்தேன். அதுவும் சரியல்ல. எழினி என் மகள். தாங்கள் வரைந்த படத்தைப் பார்த்து, இது நான் என்று சொன்னாள். 2019 நவம்பரில் மூன்று நாள் காய்ச்சல். அப்போது அவளுக்கு வயது நான்கு.

மேலும் ஒன்றை அறிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன். என் கவனக்குறைவால் பத்தாம் வயது உருவம் எங்கள் அச்சகத்தில் நாற்பது தாள்களில் அச்சாகிவிட்டது. இது நான்காம் விதிக்கு முரணானது. முப்பத்தொன்பது தாள்களை அழித்தேன். ஒரு தாளை அழிக்கவில்லை. எண்ணிக்கைப் பிழை என்று என் குறிப்பில் எழுதினேன். அது பொய்.

அந்த ஒரு தாளை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளத் தங்கள் அனுமதி வேண்டும். யாருக்கும் விற்க மாட்டோம், படியெடுக்க மாட்டோம், சுவரில்கூட மாட்ட மாட்டோம். கோப்புக்குள் இருக்கும். என் கணவர் எப்போதாவது எடுத்துப் பார்ப்பார். அனுமதி இல்லையெனில் அழித்துவிட்டு அறிவிக்கிறேன்.

இன்று வரைதான் அவள் தங்களுடையவள். நாளை முதல் யாரிடம் கேட்பதென்று எனக்குத் தெரியாது.

தயவுசெய்து இன்றைக்குள் பதில் எழுதுங்கள்.